உபுண்டுவும் கடவுச்சொல்லும்: தென்னாப்பிரிக்கப் பணியிடங்களில் தகவல் பாதுகாப்பு விழிப்புணர்வை வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கணினித் துறையில் இருப்பவர்களுக்கு 'உபுண்டு' என்றதும் 2004இல் வெளிவந்த லினக்ஸ் இயங்குதளம்தான் நினைவுக்கு வரும். அதைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் தென்னாப்பிரிக்கர். அந்தப் பெயரை அவர் தம் நாட்டு மக்களின் பேச்சிலிருந்து எடுத்துக்கொண்டார். சூலு மொழியில் 'உமுண்டு ங்குமுண்டு ங்கபண்டு' என்பார்கள். ஒரு மனிதர் மனிதராவது மற்ற மனிதர்களால்தான் என்பது அதன் பொருள். இந்த ஒரு வரியைத் தென்னாப்பிரிக்க அலுவலகங்களின் தகவல் பாதுகாப்புப் பயிற்சியில் எப்படி உண்மையாகப் பயன்படுத்துவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக விளக்குகிறேன். பெரிய நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலருக்கும், மனிதவளப் பிரிவினருக்கும், இருபது பேர் வேலை செய்யும் சிறு நிறுவனத்தை நடத்துபவருக்கும் இது பயன்படும்.

வழக்கமான பயிற்சிகள் தனிமனிதரை மட்டுமே பார்த்துப் பேசுகின்றன. கவனமாக இரு, தவறினால் நடவடிக்கை எடுப்போம், சங்கிலியின் பலவீனமான கண்ணி நீதான் என்பதே அவற்றின் தொனி. கூட்டு வாழ்க்கையை அறமாகக் கொண்டு வளர்ந்தவர்களிடம் இந்தத் தொனி எடுபடுவதில்லை. பக்கத்து மேசையில் இருப்பவர் அவசரமாகக் கடவுச்சொல் கேட்கும்போது மறுப்பது, அவர்கள் கண்ணில், பாதுகாப்பான செயல் அல்ல. மனிதத்தன்மை இல்லாத செயல். இங்கேதான் நாம் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கேட்டவுடன் கடவுச்சொல்லைக் கொடுக்க வைக்கும் நம்பிக்கையும், 'நான் தவறான இணைப்பைத் தொட்டுவிட்டேன்' என்று பயமின்றிச் சொல்ல வைக்கும் நம்பிக்கையும் வேறுவேறு அல்ல. அந்த நம்பிக்கையைக் குறைக்கும் பயிற்சி இரண்டையும் சேர்த்தே கெடுத்துவிடும். அதைக் குறைக்காமல் சரியான பக்கம் திருப்புவதே நம் வேலை.

முதல் படி: சொல்லின் எடையை அறிந்துகொள்ளுங்கள்

உபுண்டுவைச் சுவரொட்டி வாசகமாக்குவதற்கு முன், அது அந்த நாட்டில் எந்த இடங்களில் எல்லாம் நின்றிருக்கிறது என்பதை அறிய வேண்டும். 1993ஆம் ஆண்டின் இடைக்கால அரசியல் சட்டம் தன் முடிவுரையில், நாட்டுக்குத் தேவை புரிதல், பழிவாங்குதல் அல்ல. ஈடுசெய்தல், பதிலடி அல்ல. உபுண்டு, பலியாக்குதல் அல்ல என்று கூறியது. 1995இல் மரண தண்டனையை நீக்கிய அரசியல் சட்ட நீதிமன்றத் தீர்ப்பில் நீதிபதிகள் இதே கருத்தை எடுத்தாண்டார்கள். நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய பேராயர் டெஸ்மண்ட் டுட்டு இதையே தம் பணியின் உயிர்நாடியாகக் கொண்டார். இவ்வளவு பாடுகளைக் கடந்து வந்த சொல்லை 'ஏமாற்றித் தகவல் பறிக்கும் ஃபிஷிங் மின்னஞ்சலைத் திறக்காதீர்கள்' என்ற வரிக்கு அலங்காரமாக ஒட்டினால் ஊழியர்கள் அதை உடனே உணர்ந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

ஆப்பிரிக்கா ஒரே பண்பாடு அல்ல என்பதையும் மறக்கக்கூடாது. செட்ஸ்வானா பேசுபவர்கள் 'போத்தோ' என்பார்கள், ஷோனா மொழியில் 'உன்ஹு', சுவாஹிலியில் 'உட்டு'. தென்னாப்பிரிக்காவில் மட்டும் 12 அதிகாரப்பூர்வ மொழிகள் உள்ளன. பன்னிரண்டாவதான சைகை மொழி 2023இல் சேர்ந்தது. உங்கள் ஊழியர்கள் எந்தச் சொல்லைச் சொல்கிறார்களோ அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மரபில் வளராத ஊழியர்களும் இருப்பார்கள். அவர்களிடம் இதைத் திணிக்காமல், நாம் ஒருவருக்கொருவர் எப்படிப் பொறுப்பாவது என்ற கேள்வியாக முன்வைத்தால் போதும்.

இரண்டாம் படி: பகிர்தல் எங்கே, ஏன் நடக்கிறது என்று கேளுங்கள்

விதிகளை எழுதுவதற்கு முன் இரண்டு வாரம் ஒதுக்கி, ஒவ்வொரு பிரிவிலும் உட்கார்ந்து கேளுங்கள். தண்டிக்கும் நோக்கம் இல்லை என்று தலைமை எழுத்தில் உறுதி கொடுத்தால்தான் உண்மை வெளிவரும்.

கேட்கத் தொடங்கினால், கடவுச்சொல் பகிர்வுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நியாயமான காரணம் இருப்பதைக் காண்பீர்கள். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பயனர் கணக்கு கிடைக்க மூன்று வாரம் ஆகிறது. அதுவரை அவர் சும்மா இருக்கக்கூடாது என்று அனுபவசாலி ஒருவர் தம் கணக்கைக் கொடுக்கிறார். இரவு முறையில் ஐ.டி. உதவி எண்ணை யாரும் எடுப்பதில்லை. மின்வெட்டு நேரத்தில் அலுவலக இணையம் நின்றுவிட, ஒருவரின் சொந்தக் கைப்பேசி இணைப்பில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் படம் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறது. ஏனென்றால் அலுவலகக் கோப்பகத்தைவிட அதுதான் விரைவு.

இவை ஒவ்வொன்றிலும் ஒருவர் மற்றவரைத் தாங்கிப் பிடிக்கிறார். நிறுவனம் விட்ட ஓட்டையை ஊழியர்கள் தங்கள் பரிவால் அடைத்திருக்கிறார்கள். ஆகவே முதலில் சரிசெய்ய வேண்டியது ஓட்டையைத்தான். கணக்கு முதல் நாளே கிடைக்கட்டும்; இரவில் ஒரு ஆள் தொலைபேசியை எடுக்கட்டும்; மின்வெட்டுக்கு ஒரு மாற்று இணைப்பு இருக்கட்டும். இதைச் செய்யாமல் நடத்தும் பயிற்சிக்கு எந்தப் பயனும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் படி: கூட்டத்தைக் கூட்டுங்கள், கடைசியில் பேசுங்கள்

சூலு மக்கள் 'இண்டாபா' என்றும், ஸ்வானா மக்கள் 'க்கோட்லா' என்றும் சொல்லும் ஊர்க்கூட்ட மரபு இங்கே பெரிதும் உதவும். நெல்சன் மண்டேலா சிறுவனாக இருந்தபோது ம்கெகெஸ்வேனியில் தெம்பு மக்களின் ஆட்சிப் பொறுப்பாளர் ஜோங்கின்தாபா நடத்திய கூட்டங்களைக் கண்டிருக்கிறார். எல்லாரும் பேசி முடிக்கும் வரை தலைவர் வாய் திறக்க மாட்டார்; தம்மைக் குறைகூறியவர்களுக்கும் இடையில் பதில் சொல்ல மாட்டார்; இறுதியில்தான் பேசியவற்றைத் தொகுத்துச் சொல்வார். அதே கூட்டங்களில் பெண்களுக்குச் சம இடம் இல்லை என்பதையும் மண்டேலா மறைக்கவில்லை. எனவே, கேட்கும் பொறுமையை எடுத்துக்கொண்டு, விலக்கி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

நடைமுறையில் இதை இப்படி அமைக்கலாம். ஒரு கூட்டத்துக்கு இருபது பேருக்கு மிகாமல், வட்டமாக, வேலை நேரத்துக்குள்ளேயே ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். திரையும் படவில்லைகளும் வேண்டாம். ஐ.டி. பிரிவினர் ஓர் உண்மைச் சம்பவத்தைக் கதையாகச் சொல்லி அமர்ந்துவிட வேண்டும். பிறகு, 'இங்கே இப்படி நடந்தால் யாருக்கெல்லாம் பாதிப்பு, நாம் என்ன செய்திருப்போம்' என்று கேட்டுவிட்டு, அவரவர் மொழியில் பேச விடுங்கள். மேலாளரும் பாதுகாப்பு அலுவலரும் கடைசியில்தான் பேச வேண்டும்.

மௌனமாக இருக்கும் இளையவர்களைக் கவனியுங்கள். வயதில் மூத்தவருக்கு எதிராக வாய் திறக்காமல் இருப்பதும் இந்த மரபின் ஒரு பகுதிதான். சூலு, கோசா மக்கள் இந்த மரியாதையை 'ஹ்லோனிபா' என்பார்கள். அதனால் சுற்றை இளையவரிடமிருந்து தொடங்குவது நல்லது. கூட்டத்தில் ஒத்துக்கொண்ட விதிகளை ஒரு பக்கத்துக்கு மிகாமல், பேசியவர்களின் சொற்களிலேயே எழுதி, அடுத்த கூட்டத்தில் உரக்க வாசித்து உறுதிசெய்யுங்கள்.

நான்காம் படி: தகவலுக்குப் பின்னால் இருக்கும் மனிதரைக் காட்டுங்கள்

'நிறுவனச் சொத்து', 'தரவுத் தொகுப்பு' போன்ற சொற்கள் யார் மனதையும் தொடுவதில்லை. தகவல் என்பது யாரோ ஒருவரின் வாழ்க்கை என்று காட்டும்போதுதான் கூட்டுப் பொறுப்பு விழிக்கிறது. இதற்குத் தென்னாப்பிரிக்காவின் அண்மைச் சம்பவங்களே போதும்.

2024 ஜூன் 22 அன்று தேசிய சுகாதார ஆய்வக சேவை மீது, கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. நாட்டு மக்களில் சுமார் 80 விழுக்காட்டினருக்குப் பரிசோதனை செய்யும் பொது நிறுவனம் அது. ஆய்வகங்கள் இயங்கின, ஆனால் முடிவுகள் மருத்துவமனைகளுக்குத் தானாகச் சென்று சேரவில்லை, அவசர முடிவுகளைத் தொலைபேசியில் சொல்ல வேண்டியிருந்தது. இதைக் கூட்டத்தில் சொல்லிவிட்டு, 'அந்த வாரம் இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தவர் உங்கள் வீட்டில் யாராவது இருந்தார்களா' என்று மட்டும் கேளுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

டர்பன் பகுதி நிறுவனங்களில் துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் மீது 2021 ஜூலை 22இல் நடந்த இணையத் தாக்குதலைப் பேசலாம். டர்பன், கேப் டவுன் உள்ளிட்ட துறைமுகங்களின் சரக்குப் பெட்டக முனையங்கள் தங்கள் ஒப்பந்தக் கடமைகளை நிறைவேற்ற இயலாது என்று அறிவிக்கும் நிலை வந்தது. மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் எக்ஸ்பீரியன் நிறுவனத்தில் நடந்து, 2020 ஆகஸ்டில் வெளிவந்த சம்பவம் வேறொரு வகை. வாடிக்கையாளர் நிறுவனத்தின் பிரதிநிதி என்று நடித்த ஒருவரிடம் தகவல் ஒப்படைக்கப்பட்டது. 2 கோடியே 40 லட்சம் பேர் வரை அதனால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அங்கே யாரும் பூட்டை உடைக்கவில்லை. கேட்டார்கள், கொடுக்கப்பட்டது.

ஐந்தாம் படி: சரிபார்ப்பதை மரியாதையின் வடிவமாக்குங்கள்

இந்த வழிகாட்டியில் எதையாவது ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இந்தப் படியைச் செய்யுங்கள். ஒரு பயிற்சிக் காட்சியை அருகில் வைத்துப் பார்ப்போம்.

டர்பனில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம், கணக்குப் பிரிவு, மாதத்தின் 25ஆம் தேதி, வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. கணக்கர் பெண்ணின் கைப்பேசியில் மேலாளரின் படத்துடன் ஒரு வாட்ஸ்அப் செய்தி வருகிறது: 'சிசி (சகோதரி), மாமாவின் இறுதிச்சடங்குக்காக ஈஸ்டர்ன் கேப் வந்திருக்கிறேன். இங்கே பேச முடியாது. டீசல் தருபவர்களின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது. புதிய எண் கீழே இருக்கிறது. நான்கு மணிக்குள் செலுத்திவிடு, உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.' எண் புதியதுதான். ஆனால் மேலாளர் உண்மையாகவே ஊருக்குப் போயிருக்கிறார். அது அலுவலகம் முழுவதற்கும் தெரியும். துக்க வீட்டில் இருக்கும் பெரியவரைப் பணத்துக்காக அழைத்துத் தொந்தரவு செய்வதா? அந்தத் தயக்கம் அவருடைய குறையல்ல. அது அவர் வளர்ந்த வீட்டின் நற்பண்பு. மோசடிக்காரர் கணக்குப் போட்டிருப்பதும் அதைத்தான்.

'எப்போதும் சந்தேகப்படு' என்று வழக்கமான பயிற்சி இங்கே அறிவுரை சொல்லும். நான் வேறொரு விதியைப் பரிந்துரைக்கிறேன்: துக்கத்தில் இருப்பவர் மீது யாரும் பணப் பொறுப்பைச் சுமத்தக்கூடாது. ஒருவர் விடுப்பில் சென்ற நொடியிலேயே அவருடைய ஒப்புதல் அதிகாரம் முன்கூட்டிப் பெயர் குறித்த மற்றொருவருக்கு மாறிவிடும். விடுப்பில் இருப்பவரிடமிருந்து எந்தக் கட்டண உத்தரவு வந்தாலும் அது செல்லாது. இப்போது கணக்கர் அந்தச் செய்தியைப் பொருட்படுத்தாமல் விடுவது அவமரியாதை ஆகாது. துக்க வீட்டை நிம்மதியாக விடுகிறார், அவ்வளவுதான். அவர் எழுந்து சென்று பேச வேண்டியது அடுத்த அறையில் இருக்கும் மாற்றுப் பொறுப்பாளரிடம்.

வங்கிக் கணக்கு எண் மாற்றத்துக்கும் இதேபோல ஒரு விதி வேண்டும். செய்தியில் வந்த எண்ணை அழைக்காமல், நம் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் அழைத்து உறுதிசெய்ய வேண்டும். இன்னொருவர் கையொப்பமிட வேண்டும். 2019இல் வீடு வாங்கிய ஒருவர், இடையில் புகுந்தவர் மாற்றி அனுப்பிய வங்கி விவரத்தை நம்பி 55 லட்சம் ராண்ட் இழந்தார். ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2023இல் அந்த வீட்டு விற்பனையைக் கையாண்ட வழக்கறிஞர் நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது. 2024இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, பணம் செலுத்தியவர் சரிபார்த்திருக்க முடியும் என்றது. ஒரு தொலைபேசி அழைப்பின் விலை எவ்வளவு என்பதை இந்த வழக்கைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

'ஏன் இரண்டு கையொப்பம், என்மேல் நம்பிக்கை இல்லையா' என்று யாராவது வருந்தினால் 'ஸ்டோக்வெல்' குழுக்களை நினைவூட்டுங்கள். மாதந்தோறும் உறுப்பினர்கள் பணம் போட்டு முறைவைத்து எடுத்துக்கொள்ளும் இந்தச் சீட்டுக் குழுக்கள் தென்னாப்பிரிக்கா முழுவதும் உள்ளன. அவர்கள் அக்கம்பக்கத்தினர், உறவினர், ஒரே தேவாலயத்தினர். இருந்தும் எழுதிய விதிகள் உண்டு. கணக்கு எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்படும். வங்கியில் பணம் எடுக்க ஒன்றுக்கு மேற்பட்டோர் கையெழுத்து கேட்பார்கள். அன்பு இருக்கும் இடத்தில் கணக்கும் இருப்பதை ஊழியர்கள் தங்கள் வாழ்க்கையில் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதை அலுவலகத்துக்குள் கொண்டுவருவது மட்டுமே மீதி.

ஆறாம் படி: தெரிவிப்பதைக் காட்டிக்கொடுப்பதிலிருந்து பிரியுங்கள்

நிறவெறி ஆட்சிக் காலத்தில் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தவரை 'இம்பிம்பி' என்றார்கள். அந்தச் சொல்லின் வடு இன்னும் ஆறவில்லை. 'சக ஊழியரின் பாதுகாப்பு மீறலைப் புகாரளிக்கவும்' என்று விதிப் புத்தகத்தில் எழுதும் நிறுவனம், தன்னையறியாமல், ஊழியரை இம்பிம்பி ஆகச் சொல்கிறது. அந்த வரியை நீக்கிவிடுங்கள். ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டாம், நிகழ்வைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மாற்றி எழுதுங்கள்: 'இப்படி ஒரு செய்தி வந்திருக்கிறது, மற்றவர்களுக்கும் வந்திருக்கலாம், எச்சரியுங்கள்.' ஆற்றில் வெள்ளம் வருவதைக் கண்டவர் ஊரை எழுப்புவதற்கு இணையானது இது.

அடுத்து, தவறு செய்தவர் தாமே வந்து சொல்லும்போது முதல் ஒரு மணி நேரத்தில் அவரை எப்படி நடத்துவது என்பதை எழுதி வைக்க வேண்டும். உதவி எண்ணில் இருப்பவர் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், 'சொன்னதற்கு நன்றி, இப்போது சேர்ந்து பார்ப்போம்' என்பது. 'ஏன் திறந்தீர்கள்' என்ற கேள்வி அன்று வேண்டாம். கணினியை இணையத்திலிருந்து துண்டிப்பது, கடவுச்சொல்லை மாற்றுவது, வேறு யாருக்கெல்லாம் அதே செய்தி வந்தது என்று தேடுவது ஆகியவை முதலில் நடக்கட்டும். ஒரு வாரம் கழித்து, அவர் விருப்பப்பட்டால், அந்த அனுபவத்தை அவரே கூட்டத்தில் சொல்லட்டும். வேண்டுமென்றே தகவலை விற்றவர், எச்சரித்த பின்னும் மறைத்தவர் ஆகியோருக்கு இந்தப் பரிவு பொருந்தாது. அவர்களுக்கு ஒழுங்கு நடவடிக்கை உண்டு என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

சட்டமும் இந்த விரைவைக் கேட்கிறது. 2013ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டமான தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை எல்லாரும் 'பொப்பியா' என்றே அழைக்கிறார்கள். தகவல் கசிந்தது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், இயன்ற விரைவில் தகவல் ஒழுங்காற்று அமைப்புக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்கிறது அதன் 22ஆம் பிரிவு. பயந்துபோன ஊழியர் மூன்று நாள் மறைத்தால், நிறுவனம் அந்த மூன்று நாளையும் இழக்கிறது.

ஏழாம் படி: மக்கள் ஏற்கெனவே நாடும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பாதுகாப்புத் துணைவர் வேண்டும். அவர் கணினி வல்லுநராக இருக்க வேண்டியதில்லை. படிவம் நிரப்பத் தெரியாவிட்டாலும், வீட்டில் துன்பம் வந்தாலும் எல்லாரும் யாரிடம் போகிறார்களோ அவராக இருக்க வேண்டும். பிரிவினரே அவரைத் தேர்ந்தெடுக்கட்டும். மாதம் நான்கு மணி நேரத்தை அவருடைய வேலை நேரத்திலிருந்தே ஒதுக்கி, அதை அவருடைய பணி மதிப்பீட்டிலும் சேருங்கள். பரிவு உள்ளவர்மீது சம்பளமில்லாச் சுமையை ஏற்றுவதற்கு உபுண்டு என்று பெயர் வைப்பது தவறு.

எட்டாம் படி: தலைமை முதலில் கட்டுப்படட்டும்

'கோசி கே கோசி கா பாதோ' என்பது ஸ்வானா, சோதோ மக்களின் முதுமொழி. தலைவர் தலைவராவது மக்களால்தான் என்பது பொருள். தலைமை நிர்வாகி தம் உதவியாளரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்து வைத்திருக்கும் அலுவலகத்தில் மேலே சொன்ன எதுவும் நிற்காது. 2023 ஜூலையில் தகவல் ஒழுங்காற்று அமைப்பு அரசின் நீதி அமைச்சகத் துறைக்கு 50 லட்சம் ராண்ட் அபராதம் விதித்தது. 2021 செப்டம்பரில் அத்துறை தாக்கப்படுவதற்கு முன்பே, வைரஸ் தடுப்பு, ஊடுருவல் கண்டறிதல் ஆகியவற்றுக்கான மென்பொருள் உரிமங்கள் காலாவதியாகியிருந்தன. அவற்றைப் புதுப்பித்ததற்குச் சான்று தரும்படி கேட்ட பிறகும் துறை தரவில்லை. உரிமத்தைப் புதுப்பிப்பது கணக்கரின் வேலையோ வரவேற்பாளரின் வேலையோ அல்ல. ஆகவே ஊழியர்களிடம் கூட்டுப் பொறுப்பைக் கேட்பதற்கு முன், தலைமை தன் பங்கான உரிமங்கள், காப்புப் பிரதிகள், ஆள் பலம் ஆகியவற்றின் நிலையைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பொப்பியா விதிமுறைகளின்படி ஊழியர்களுக்கு விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடப்பதை உறுதிசெய்வது நிறுவனத்தின் தகவல் அலுவலரின் கடமை. சட்டம் இயல்பாகவே நிறுவனத் தலைவரைத்தான் அந்தப் பொறுப்பில் வைக்கிறது. எனவே முதல் கூட்டத்துக்கு அவரே வந்து, கடைசியில் பேச வேண்டும்.

ஒன்பதாம் படி: சரியானதை அளந்து, விளிம்பில் இருப்பவர்களைச் சேருங்கள்

போலி ஃபிஷிங் மின்னஞ்சல் அனுப்பி, ஏமாந்தவர்களின் பட்டியலை வெளியிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதைக் கைவிடுங்கள். முதல் எச்சரிக்கை எத்தனை நிமிடத்தில் வந்தது, எத்தனை பிரிவுகளிலிருந்து வந்தது, தாமே தவறைச் சொன்னவர்கள் காலாண்டுக்குக் காலாண்டு கூடுகிறார்களா என்பவற்றைப் பாருங்கள். நூறு பேரில் பத்துப் பேர் ஏமாந்தாலும், முதல் ஆள் நான்கு நிமிடத்தில் குரல் கொடுத்துவிட்டால் அந்த அலுவலகம் தப்பிக்கும். முடிவுகளைத் தனிநபர் பெயரில் வெளியிடாமல் பிரிவின் பெயரில் சொல்லுங்கள். அப்படிச் சொல்லும்போதும், பின்தங்கிய பிரிவில் யாரால் இந்த நிலை என்று விரல் நீட்டத் தொடங்குகிறார்களா என்று கவனியுங்கள். கூட்டத்தின் அன்பு சில நேரம் கூட்டத்தின் அழுத்தமாகவும் மாறும். அது தெரிந்தால் ஒப்பீட்டை நிறுத்திவிடுங்கள்.

இறுதியாக, வட்டத்தில் யார் இல்லை என்று பாருங்கள். வாயிலில் நிற்கும் காவலாளி, மாலையில் மேசைகளைத் துடைக்கும் துப்புரவுப் பணியாளர், மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்திருக்கும் தட்டச்சர் ஆகியோர் வேறு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பதால் பெரும்பாலும் அழைக்கப்படுவதில்லை. திரையில் ஒட்டிய கடவுச்சொல் சீட்டையும், அச்சுப்பொறியில் மறந்துபோன சம்பளப் பட்டியலையும், அடையாள அட்டையில்லாமல் பின்னால் நுழைபவரையும் முதலில் காண்பவர்கள் அவர்களே. அவர்களை அனுப்பும் நிறுவனத்துடன் பேசி, அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஊதியம் ஏற்பாடு செய்யுங்கள். அவர்கள் பேசும் மொழியிலேயே அந்த ஒரு பக்க விதியை வாசித்துக் காட்டி, எதையாவது கண்டால் யாரை அழைப்பது என்ற எண்ணை அவர்கள் கையில் கொடுங்கள்.